மழைக்கு ஒரு கால்சட்டை

தஞ்சாவூர், கீழவாசல்
20-9-1970

அன்புள்ள மாமாவுக்கு அம்சவல்லி எழுதுவது.

சுகமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். முழங்கைச் சிராய்ப்பும் கணுக்கால் வீக்கமும் சுகத்தில் சேர்த்தி என்று எனக்கு இதுவரை தெரியாது. வேட்டி நுனி பின்சக்கரத்தில் சிக்கி, மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்ததை நீங்கள் மறைத்தீர்கள். நன்னிலம் பஸ் கண்டக்டர் பஞ்சநதம் அண்ணன் மறைக்கவில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டு, மிச்சம் மீதியை என்னிடமும் சொன்னார்.

மாட்டுக்கு ஊசி போடும் உத்தியோகத்துக்குச் சைக்கிள் போதாது, தடுப்பு மருந்து ஐஸ் டப்பாவில் கெடாமல் ஊர் ஊராகப் போய்ச் சேர வேண்டும் என்று இலாகாவில் அந்தப் பழைய வண்டியைக் கொடுத்தார்கள். சரி. வேட்டியோடு அதில் ஏறச் சொன்னது யார்? பெண்டாட்டி தையல் டீச்சர், புருஷன் கால்சட்டை இல்லாமல் விழுந்தார் என்று என் பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் எத்தனை நாள் சிரிப்பார்கள்!

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருக்கிறது. குறுவை அறுப்புக் கூலித் தகராறில் உங்கள் பக்கத்தில் சங்கத்து ஆள் ஒருவரை ஆற்றங்கரையில் அடித்துப் போட்டார்கள் என்று பேப்பரில் படித்தேன். மோட்டார் சைக்கிளில் போகிறவன் யார் மகன் என்று பார்க்கிற ஊர் அது. உங்கள் அப்பா அங்கே பக்கத்துப் பண்ணையில் ஏர் ஓட்டியவர். அதை நாம் மறந்தாலும் அவர்கள் மறக்க மாட்டார்கள். மாற்றல் கேளுங்கள் என்று எழுதி எழுதி என் கை ஓய்ந்துவிட்டது.

நீங்கள் கேட்கப் போவதில்லை. அளவையாவது அனுப்புங்கள். இடுப்பு, தொடை, கணுக்கால் வரை நீளம். வண்டியில் உட்கார்ந்து, முழங்காலை மடக்கிக்கொண்டு அளக்க வேண்டும். நின்றபடி அளந்து தைத்தால் உட்காரும்போது மேலே ஏறிக்கொள்ளும்.

உங்கள் அம்சா

*

நன்னிலம்
26-9-1970

அன்பு அம்சா,

பஞ்சநதத்துக்கு டிக்கெட் கிழிக்கும் வேலை கொடுத்தவர்கள் ஊருக்குச் செய்தி சொல்லும் வேலையையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். வீக்கம் வற்றிவிட்டது. நொண்டவில்லை.

விழுந்ததற்கு வேட்டியை மட்டும் குற்றம் சொல்லாதே. பொன்னியநத்தத்தில் நம் சனம் இருக்கிற சேரிக்குப் போக வேண்டுமென்றால் நாகநாதன் பண்ணைத் தெருவைக் கடக்க வேண்டும். அந்தத் தெருவில் நம்மவர்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். சட்டம் எதுவும் இல்லை, வழக்கம்தான். சைக்கிளில் போனபோது நானும் இறங்கினேன். இந்த வண்டியைத் தள்ளுவதென்றால் படுத்த எருமையைத் தள்ளுவது போல. அதனால் வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு போனேன். கரை வழுக்கிவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

இங்கே வானம் ஒரே நாளில் பல வேஷம் கட்டுகிறது. காலையில் நெல் காய்கிற வெயில். மத்தியானம் மேற்கே கறுத்து ஒரு பாட்டம் ஊற்றும். நனைந்த துணி காய்வதற்குள் மறுபடியும் வெயில். பிறகு திரும்பி வரும் வழியில் தூறல். அதனால் நீ தைக்கிற கால்சட்டை வெயிலில் வேகக் கூடாது, மழையில் ஊறக் கூடாது. சேற்றில் இறங்கினால் முழங்காலுக்கு மேல் சுருட்ட வர வேண்டும். மாட்டுக்கு முன்னால் குனிந்தால் கிழியக் கூடாது. இப்படி ஒரு துணியைக் கண்டுபிடித்தால் உனக்குக் கலைமாமணியே கொடுக்கலாம்.

அளவெடுத்தது கம்பவுண்டர் ரெத்தினம். மாட்டின் மார்பைச் சுற்றி அளந்து எடை பார்க்க ஒரு டேப் வைத்திருக்கிறோம் அல்லவா, அதால்தான் அளந்தான். "சார், இந்தக் கணக்குக்கு நீங்க ஒரு கன்னுக்குட்டி எடைதான் தேறுவீங்க" என்றான். அளவுகளைத் தனிக் காகிதத்தில் வைத்திருக்கிறேன்.

கூலிப் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. அறுப்புக்கு வெளியூர் ஆட்களை லாரியில் இறக்குகிறார்கள். போலீஸ் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறது. நீ பயப்படுவாய் என்று எழுதாமல் இருக்கலாமென்று பார்த்தேன். எப்படியும் பஞ்சநதம் சொல்லிவிடுவான்.

இராஜாங்கம்

*

தஞ்சாவூர்
4-10-1970

மாமாவுக்கு,

துணி தேடி அலைந்த கதையைக் கேளுங்கள். கடைவீதியில் ரெக்ஸின் பார்த்தேன். தண்ணீர் ஒட்டாது, ஆனால் வெயிலில் போட்டால் உள்ளே இட்லி வெந்துவிடும். தார்ப்பாய்த் துணி கனம். அதைக் கட்டிக்கொண்டு நீங்கள் வண்டியில் ஏறுவதற்கே இரண்டு ஆள் வேண்டும். டெரிலின் அழகாக இருக்கிறது, மாப்பிள்ளை அழைப்புக்கு ஆகும். கடைசியில் எதிர்வீட்டு சைத்தூன் பீவி அக்காதான் பெட்டியைத் திறந்தார்கள். அவர்கள் மாப்பிள்ளை பினாங்கிலிருந்து கொண்டு வந்த, மெழுகு பூசிய பருத்தித் துணி. காற்றும் போகிறது, தண்ணீரும் நிற்கவில்லை. ஒரு குவளை ஊற்றிப் பார்த்தேன், சேம்பிலையில் உருளுவது போல உருண்டு ஓடிவிட்டது.

கறுப்பிலும் இருந்தது, காக்கியிலும் இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். கறுப்பு போட்டால் கட்சிக்காரர் என்பார்கள். சிவப்பைப் பேசவே வேண்டாம், சங்கத்து ஆள் என்று கையைக் காலை எடுத்துவிடுவார்கள். காக்கி சர்க்கார் நிறம். காக்கி போட்டவன் மேல் சட்டென்று யாரும் கை ஓங்க மாட்டார்கள். அதனால் காக்கியே எடுத்தேன். உங்களுக்கு அழகாக இருக்குமா என்று நான் பார்க்கவில்லை. ஒருவனாவது தடியைத் தூக்கும் முன்னால் ஒரு நிமிஷம் யோசிப்பான் அல்லவா, அதைத்தான் பார்த்தேன்.

உள்ளே மல் துணி கொடுத்திருக்கிறேன், தோலில் ஒட்டாது. இரண்டு பக்கமும் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை பொத்தான். வெயில் அடித்தால் பாதியைத் திறந்துவிடுங்கள், காற்று போகும். சேறென்றால் சுருட்டி மேல் பொத்தானில் மாட்டலாம். செருப்பைக் கழற்றாமலே கால்சட்டையைக் கழற்றலாம். இந்த யோசனை என்னுடையது, பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் இல்லை.

பஞ்சநதம் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் பார்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

அம்சா

*

நன்னிலம்
15-10-1970

அன்பு அம்சா,

பஞ்சநதம் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான். "டீச்சர் தைச்சா தையலு" என்று அவனுடைய பாராட்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

நேற்று அச்சுதமங்கலம் பக்கம் போகும்போது பிடித்துக்கொண்டது மழை. வண்டி நனைந்தது, மேல் சட்டை நனைந்தது, நான் இடுப்புக்குக் கீழே மட்டும் பரம்பரைப் பணக்காரன் மாதிரி காய்ந்து போய்ச் சேர்ந்தேன். வெயில் வந்ததும் பொத்தான்களைத் திறந்துவிட்டேன். உண்மையிலேயே காற்று போகிறது.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்ல வேண்டும். வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டுவிட்டதால் இன்று பண்ணைத் தெரு வழியாகத்தான் போனேன். தெரு முனையில் இறங்கலாமா என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். பண்ணைக் காவல்காரன் கிழவன் கட்டிலை விட்டு எழுந்து சலாம் வைத்தான்! நாகநாதனின் கணக்கு வழக்கைப் பார்க்கிற காரியக்காரர் வாசலிலிருந்து "வாங்க வாங்க" என்றார். யார் என்று நினைத்தார்களோ தெரியவில்லை. நான் இறங்கவில்லை. அந்தத் தெருவை முதல்முதலாக உட்கார்ந்த நிலையில் கடந்தேன். வீடுகள் எல்லாம் ஒரு முழம் குள்ளமாகிவிட்டது போல இருந்தது. சந்தோஷமாக இருந்தது அம்சா, பொய் சொல்வானேன்.

ஆனால் சேரியில் ஒரு ஆள் இல்லை. மாடுகள் கட்டிக் கிடந்தன, அடுப்பு புகைந்தது, குடிசைகள் திறந்து கிடந்தன. நாய்தான் குரைத்தது. அறுப்பு மறியலுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். மாட்டுக்கு வருகிற தொண்டை அடைப்பான் நோய் இந்த ஈரத்தில்தான் பரவும். நம் சனத்துக்கு மாடு போனால் பாதி உயிர் போன மாதிரி. இன்னொரு நாள் போக வேண்டும்.

இராஜாங்கம்

*

தஞ்சாவூர்
20-10-1970

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். படித்து முடித்த பிறகு முதலிலிருந்து மறுபடியும் படித்தேன். அடுப்பு புகைகிறது, ஆள் இல்லை என்றால் என்ன அர்த்தம்? மறியலுக்குப் போகிறவர்கள் அடுப்பை அணைக்காமலா போவார்கள்? பிள்ளைகளையும் கிழடுகளையும் கூடவா கூட்டிக்கொண்டு போவார்கள்? ஓடியிருக்கிறார்கள். எதையோ கண்டு ஓடியிருக்கிறார்கள்.

அந்தக் கிழவன் ஏன் சலாம் வைத்தான் என்றும் யோசித்துப் பாருங்கள். உங்களுக்கா வைத்தான்?

பொன்னியநத்தத்துக்கு இப்போது போகாதீர்கள். ஊர் அடங்கட்டும். சொன்னால் கேளுங்கள்.

அம்சா

*

நன்னிலம்
26-10-1970

அம்சா,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே நான் போய்விட்டேன். தீபாவளிக்கும் வர முடியாது. ஏன் என்று எழுதுகிறேன், கோபப்படாமல் படி.

வியாழக்கிழமை நல்ல மழை. பண்ணைத் தெருவில் மறுபடியும் சலாம். சேரிக்குள் நுழையும்போது வண்டிச் சத்தம் கேட்டு ஆண்களும் பெண்களும் வயலுக்குள் இறங்கி ஓடுவதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு பெண் மட்டும் நேராக வெட்டாற்றுப் பக்கம் ஓடினாள். ஆற்றில் வெள்ளம் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. வண்டியைப் போட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன். "நில்லுங்க, நான் மாட்டு டாக்டரு" என்று கத்தினேன். மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்துவிட்டு ஆற்றில் இறங்கிவிட்டாள்.

நான் ஒரு எட்டு வைத்தால் அவள் ஒரு எட்டு உள்ளே போனாள். இடுப்பளவு, பிறகு மார்பளவு. நாணலைப் பிடித்திருந்தாள். நாணல் வேரோடு வந்துகொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை அம்சா. என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அங்கேயே நின்றேன். பொத்தான்களைப் பிய்த்துக் கால்சட்டையைக் கழற்றிக் கரையில் வீசினேன். பட்டாபட்டி டிராயரோடு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மழையில் நின்றேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு நாணலை மாற்றி மாற்றிப் பிடித்துக் கரைக்கு வந்தாள். வந்ததும் காலில் விழப் போனாள். "சாமி, எம் புருசன் இங்க இல்ல சாமி" என்றாள். நான் யார் மகன் என்று சொன்னேன். உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அவள் பெயர் காளியம்மாள். சைக்கிளில் வந்தபோது என்னிடம் கன்றுக்குட்டிக்குப் பூச்சி மருந்து வாங்கியவள்தான். "போன வாரம் விடியக்கருக்கல்ல போலீசு மோட்டாருல வந்து ஆம்பளயள அள்ளிக்கிட்டுப் போனாங்கய்யா. எங்க வச்சிருக்காங்கன்னு இன்னிவரைக்கும் தெரியல. இந்தத் துணியக் கண்டா எங்களுக்கு உசுரு நிக்கலய்யா. நீங்க நம்ம வீரையன் மவன்னு எப்படித் தெரியும்?" என்றாள்.

எனக்குச் சலாம் வைத்ததும் அதைப் பார்த்துத்தான், இவர்கள் ஓடியதும் அதைப் பார்த்துத்தான். ஒரு நிமிஷம் பிந்தியிருந்தால் ஒரு கொலை என் கணக்கில் ஏறியிருக்கும். கையில் ஊசி மருந்தை வைத்துக்கொண்டு, என் சனத்தையே ஆற்றில் இறக்கியிருப்பேன்.

காக்கியைத் திருப்பி அனுப்புகிறேன். இனி போட மாட்டேன். வேட்டியோடு வண்டியில் போக முடியாது என்று எனக்குத் தெரியும். காக்கி இல்லாமல் பண்ணைத் தெருவுக்குள் போனால் என்ன நடக்கும் என்றும் தெரியும். போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம். இதுவரை உனக்குப் பயந்தவனாக எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

பொன்னியநத்தத்தில் இரண்டு மாடு விழுந்துவிட்டது. மருந்து என்னிடம்தான் இருக்கிறது.

இராஜாங்கம்

*

தஞ்சாவூர்
2-11-1970

மாமாவுக்கு,

தீபாவளிக்குத் தெருவில் வெடித்த ஒவ்வொரு வெடிக்கும் எழுந்து வாசலுக்குப் போனேன். உங்கள் கடிதத்தைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். நான் தைத்த துணியைக் கண்டு ஒருத்தி ஆற்றில் இறங்கினாள். இதை நினைத்தால் தையல் மெஷினில் கை வைக்க முடியவில்லை. உங்களை ஒருவன் அடித்துவிடக் கூடாது என்றுதான் யோசித்தேன். உங்களைப் பார்த்து யார் பயப்படுவார்கள் என்று யோசிக்கவில்லை. பயந்துகொண்டு தேர்ந்தெடுத்தேன், பயத்தையே தைத்து அனுப்பிவிட்டேன்.

காக்கியைக் கத்தரித்து சைத்தூன் பீவி அக்காவின் அரிசி மூட்டைக்கு உறை போட்டுவிட்டேன். அது இனி நம் வீட்டில் இல்லை.

இந்தப் பொட்டலத்தில் இருப்பதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கப்பல் தளத்தில் வேலை செய்கிறவர்கள் மழையில் போடுகிற எண்ணெய்த் துணியாம். நிறம் மஞ்சள். கொன்றைப் பூ மஞ்சள், கண் கூசும். போலீஸ் போடாது, கட்சிக்காரர் போடமாட்டார், சங்கத்தார் போடமாட்டார், புத்தியுள்ள எவனும் போடமாட்டான். வயலில் நான்கு வரப்புக்கு அப்பால் வரும்போதே நீங்கள்தான் என்று தெரிந்துவிடும். கோமாளி என்று சிரிக்கட்டும். சிரிக்கிறவர்கள் ஓட மாட்டார்கள்.

ஆனால் ஒன்று. நம் சனத்துக்குத் தெரிவது போலவே அவர்களுக்கும் தெரியும். வருவது வீரையன் மகன் என்று தூரத்திலேயே தெரிந்து காத்திருக்கலாம். இதை அறிந்துதான் தைத்தேன். கால்சட்டையில் ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு தடவை முடிச்சுப் போட்டேன், அதைத் தவிர உங்களுக்காக நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. போகாதீர்கள் என்று எழுத வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். காளியம்மாள் மாட்டை நினைத்துக்கொண்டேன். எழுத முடியவில்லை.

போய்விட்டு வந்த அன்றே கடிதம் போடுங்கள். ஒரு வரி போதும்.

அம்சா

*

நன்னிலம்
11-11-1970

அன்பு அம்சா,

உயிரோடு இருக்கிறேன். நீ கேட்ட ஒரு வரி இதுதான். மீதியை நாளைக்கு எழுதலாம் என்று நினைத்தேன். தூக்கம் வருகிற வழியாக இல்லை.

மஞ்சளைப் பார்த்து ரெத்தினம் சிரித்த சிரிப்பில் ஊசிப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டான். இன்று காலை கிளம்பும்போது வெயில். வெட்டாற்றுப் பாலம் தாண்டியதும் கொட்டத் தொடங்கியது. தெரு முனையில் காவல்காரக் கிழவன் எழுந்திருக்கவில்லை. தெருவின் நடுவில் தடியோடு ஆட்கள் நின்றார்கள். காரியக்காரர் குடை பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"காக்கி போட்டிருந்தப்ப எவன்னு தெரியாம விட்டோம். இப்பத் தெரிஞ்சுபோச்சு. இறங்கித் தள்ளிக்கிட்டுப் போ" என்றார்.

என்ஜினை நிறுத்தினேன். ஆனால் இறங்கவில்லை. வீரத்தால் என்று நினைத்துவிடாதே. இறங்கினால் திரும்ப ஏற விடமாட்டார்கள் என்று பயந்தேன். இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் துணிக்கு மேலே மழை உருண்டு ஓடியது. உள்ளே எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"சர்க்கார் மருந்துங்க. ஐஸ் கரைஞ்சா கெட்டுப்போயிரும்" என்றேன். ஒருவன் ஹாண்டில்பாரைப் பிடித்தான். இன்னொருவன் பின்னால் போனான். பின்னால் என்ன செய்கிறான் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்சா, உன் பெயரைச் சொல்லிக்கொண்டேன். சாமி பெயர் ஒன்றும் வரவில்லை.

சேரிக்காரர்கள் வயல் வரப்பிலிருந்து மஞ்சளைப் பார்த்திருக்கிறார்கள். வருகிறது என்று மாடுகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். மஞ்சள் தெருவில் நின்றுவிட்டது, நகரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார்கள். பிறகு காளியம்மாள் தன் பசுவை ஓட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்துவிட்டாள்.

மாட்டோடு அந்தத் தெருவில் அவள் இதுவரை கால் வைத்ததில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். ஆற்றில் பார்த்த அதே பயம் அந்த முகத்தில் அப்படியே இருந்தது. ஆனால் இந்த முறை அவள் வந்துகொண்டிருந்தாள். அவள் பின்னால் இன்னொரு மாடு, அதற்குப் பின்னால் ஒரு ஜோடிக் காளை, பிறகு எனக்கு எண்ணத் தெரியவில்லை. தெரு முழுக்க மாடு. தடி வைத்திருந்தவர்கள் கொம்புக்கு ஒதுங்கிச் சுவரோடு நின்றார்கள்.

காளியம்மாள் பசுவை என் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். "இங்கேயே போட்ருங்கய்யா" என்றாள்.

அப்போதுதான் வண்டியை விட்டு இறங்கினேன், ஊசி போடுவதற்காக. நாகநாதன் வீட்டு வாசலுக்கு நேராக, மழையில், மருந்து தீரும் வரைக்கும் போட்டேன். காரியக்காரர் குடையோடு நின்று பார்த்தார். கடைசியில், "மழைக்காலம் முடியட்டும், பேசிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சும்மா சொல்கிற ஆள் இல்லை அவர். உன்னிடம் மறைக்கவில்லை.

நாளைக்கு மிச்ச மாடுகளுக்குப் போட வேண்டும். கிழக்கே இரண்டு ஊரில் நோய் கண்டிருக்கிறது, அங்கேயும் வழி இந்தத் தெருதான். போகாமல் இருந்துவிடலாம் என்று திரும்பி வரும் வழியெல்லாம் நினைத்தேன். அறைக்கு வந்ததும் ஐஸுக்குச் சொல்லி அனுப்பினேன்.

இன்னொரு கால்சட்டை தைத்து அனுப்பு அம்சா. இதே மஞ்சளில். உள்துணி நனைந்தால் காய ஒரு நாள் ஆகிறது. அந்த ஒரு நாள் நான் வேறு எதைப் போட்டுக்கொண்டு போனாலும் நம் சனம் ஓடிவிடும்.

உன்,
இராஜாங்கம்